எல்லைக் கற்கள் – 11: வேலிக்குள் நுழையாத சட்டம்

சென்ற வாரம் ஐஸ்லாந்தில் நின்றோம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்வேயிலிருந்து கடல் கடந்து அங்கே குடியேறியவர்கள், 930ஆம் ஆண்டளவில் திங்வெட்லிர் வெளியில் ஆண்டுதோறும் ஒரு பொது அவையைக் கூட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அரசன் இல்லை, படையும் இல்லை. இருந்தது சட்டமும் வேலியும்தான். கிராகாஸ் என்ற அவர்களது சட்டத் தொகுப்பு பண்ணை வேலிக்கு அளவு சொல்கிறது: அடியில் 5 அடி அகலம், தலைப்பில் 3 அடி, உயரம் ஆளின் தோள்மட்டம். அந்த வேலிக்குள் ஒரு குடும்பம், அதன் வேலையாட்கள், அதன் கால்நடைகள். சொந்தப் பண்ணை இல்லாதவரும் ஒவ்வோர் இளவேனிலிலும் ஏதாவதொரு பண்ணையில் தன் வீடு இன்னதென்று நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். அவையின் தீர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டவனுக்கு மட்டும் வீடில்லை. அவனுக்குச் சோறிடக் கூடாது, இடங்கொடுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது. அவனைக் கொன்றாலும் பழியில்லை. கொடுமைதான். ஆனாலும் அந்தச் சமூகம் வேலியை எதற்காகக் கட்டியது என்பதில் குழப்பமில்லை. வேலிக்கு உள்ளே சட்டம், வெளியே காடு.

இந்த வாரம் அதே அளவுகோலோடு நம் மலைகளுக்கு, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வருவோம். தேயிலைத் தோட்டத்துக்கும் எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை செய்த வேலை நேர் எதிரானது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம், நாட்டின் பொதுச் சட்டமும் உள்ளூராட்சியும் தோட்டத்து எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. உள்ளே இருந்தவர்கள்தான் புறத்தாராக வைக்கப்பட்டார்கள். இது மலையும் மழையும் செய்ததல்ல, ஏட்டில் எழுதிச் செய்தது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பழைய தோட்டம் எதை எடுத்தாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் பெரிய துரையின் பங்களா. அதற்குச் சற்றுக் கீழே சின்னத் துரையின் பங்களா. ஸ்டோரையும் ஆபிஸையும் ஒட்டி டீமேக்கர், பெரிய கிளாக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை ஆகியோரின் குவார்ட்டர்ஸ்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைக்கரையிலோ தேயிலை நடமுடியாத சரிவிலோ தொழிலாளரின் லயங்கள். ஒற்றை லயம் என்றால் ஒரு வரிசைக் காம்பராக்கள். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை. ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு, அதன் ஒரு மூலையில்தான் அடுப்பு. பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருப்பதால் இரட்டை லயத்துக் காம்பராவில் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே இல்லை. அடுப்புப் புகை கூரையைக் கறுப்பாக்கிவிட்டு வந்த வழியே வெளியேற வேண்டும். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த 120 சதுர அடிதான். விடியற்காலையில் தப்பு அடித்ததும் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். அங்கே இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து என்பது சொல்லப்படும். பங்களாவுக்குப் போகும் பாதை வேலை சொல்லி அனுப்பினாலன்றித் தொழிலாளிக்கு உரியதல்ல. துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் பல தலைமுறைகளுக்கு நீடித்தது. உயரம், தூரம், ஜன்னல், பாதை என எல்லாமே ஒருவரின் தரத்தைச் சொன்ன இடம் அது.

'மலைப்பிரதேசம் அப்படித்தான் இருக்கும். தனிமைக்குக் காரணம் பூகோளம்' என்பது முதல் மறுப்பு. தோட்ட வரலாற்றை எழுதிய பலர் இப்படித்தான் கடந்துபோனார்கள். ரயில்பாதையின் வரலாறு இதை ஒப்பவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது. தோட்டங்கள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, 1885இல் நானுஓயாவுக்கு. அதன்பின் ஹட்டனில் ஏற்றிய தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்கத் தடை எதுவும் இல்லை. அரிசி மூட்டை மேலேறியது, உரம் ஏறியது, துரைமாரின் கடிதங்கள் ஏறின, இறங்கின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து வந்த மக்களுக்குத் தூரம் ஒரு தடையாகவும் இருந்திருக்க முடியாது. பல தோட்டங்களின் கீழ் எல்லையிலேயே சிங்களக் கிராமம் இருக்கிறது. நடந்தால் சில நிமிடம். தேயிலைக்குத் திறந்திருந்த வழி மனிதருக்கு மூடியிருந்தது என்றால், மூடியது மலை அல்ல.

மூடியது எது என்று அறியச் சட்டங்களை வரிசையாகப் படிக்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தத்தை மீறி, அறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது. கூலி வாங்குபவர் வேலையை விடுவது சிவில் விவகாரம் என்றிருக்க வேண்டிய இடத்தில், சிறைத்தண்டனை வந்தது. அதன்மேல் துண்டு முறை. இன்ன தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவேன் என்று எழுதிய சீட்டு அது. ஆள்சேர்த்து வந்த கங்காணியின் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போக, ஆளும் கடனும் சேர்ந்தே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறின. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இது வெளியே போவதைத் தடுத்த பக்கம். மறுபக்கத்தில் இருந்தது பத்துச்சீட்டு. துரை கோபித்து ஒருவரைப் பதிவிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டால், வேலை மட்டும் போவதில்லை. காம்பராவும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். பல தடவைகளில் அவருடைய குடும்பத்தார் எல்லோருக்கும் சேர்த்தே சீட்டு வந்தது. போகாமல் இருந்தால் அத்துமீறல் வழக்கு. அனுமதியின்றிப் போனால் குற்றவாளி, போகச் சொல்லியும் இருந்தால் குற்றவாளி.

1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் இது பகிரங்கமாக வெடித்தது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. காலகாலமாக அங்கே உழைத்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறல் குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டது. மலையகமெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தனக்கு இருக்க உரிமையுண்டு என்று நம்பித் தங்கியிருப்பது மட்டும் அத்துமீறலாகாது, எரிச்சலூட்டும் அல்லது குற்றமிழைக்கும் நோக்கமே முதன்மையானது என்று நிறுவ வேண்டும் என 1950இல் அந்த மன்றம் சொன்னது. தான் பிறந்த காம்பராவில் இருப்பது குற்றமல்ல என்று ஒருவர் நிறுவ ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஐஸ்லாந்தின் ஒப்பீடு இங்கேதான் கூர்மையாகிறது. அங்கேயும் நிலமற்றவர் கட்டுண்டவர்தான். 1490இன் தீர்ப்பாணை ஒன்று, குறிப்பிட்ட அளவு சொத்தில்லாத எவரும் ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு இருந்தே ஆக வேண்டும் என்றது. அந்தக் கட்டு 19ஆம் நூற்றாண்டில்தான் தளர்ந்தது. அதற்கும் முன்பு அங்கே அடிமைகள் இருந்தார்கள். அவையில் அவர்களுக்கும் பெண்களுக்கும் குரல் இல்லை. அந்தச் சமூகத்தை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவனை வேலிக்கு வெளியே தள்ள ஒரு நடைமுறை வேண்டியிருந்தது: குற்றச்சாட்டு, சாட்சி, அவையில் எல்லோர் முன்னும் தீர்ப்பு. அவனுடைய சொத்தைப் பிரிக்கும் மன்றம் கூட அவன் வேலிக்குள் கூடாது. வேலிக்கு வெளியே, அம்பு பாயும் தூரத்துக்குள், வயலும் புல்வெளியும் அல்லாத இடத்தில் கூடும். இலகுவான தண்டனை பெற்றவனுக்கு நாடு நீங்கும் வரை மூன்று வீடுகளும் அவற்றுக்கு இடையிலான வழியும் பாதுகாப்பாகக் குறித்துக் கொடுக்கப்பட்டன. தோட்டத்துப் பத்துச்சீட்டுக்கு அவை இல்லை, சாட்சி இல்லை, பாதுகாப்பான வழி இல்லை. ஆபிஸ் மேசையில் ஒருவர் எழுதும் ஒரு தாள் போதும்.

எல்லையைக் கடப்பது துரைமாரின் பக்கத்திலிருந்தும் மன்னிக்கப்படவில்லை. மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய வளர்ப்பு இளைஞர் மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பழக வந்தார். தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார், சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார், 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்ட நிலைமையை வெளிப்படையாகப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்றது. ஒரு வெள்ளையர் லயத்துப் பக்கம் நின்று பேசியதற்கு ஆட்சி இவ்வளவு அஞ்சியது என்றால், எல்லை எதைக் காத்தது என்பது விளங்கும். மூன்றாண்டுக்குள், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார்.

பிரேஸ்கேடில் பேசிய அதே 1937இல் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ இந்த வரலாற்றின் அச்சாணியே அதுதான். கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று எழுத முயன்றார்கள். இனத்தின் பேரால் விலக்குவதற்கு எதிர்ப்பு வந்தது. உடனே வேறு வழி கண்டார்கள்: தோட்டத்தில் தொழில் செய்து, தோட்டம் கொடுத்த இருப்பிடத்தில் குடியிருப்பவருக்கு வாக்கில்லை. இனத்தின் இடத்தில் லயம் வந்தது. எங்கே படுத்துறங்குகிறார் என்பதை வைத்தே ஒருவர் கிராமத்தவர் அல்லர் என்று சட்டம் தீர்த்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமைப் பறிப்பு. 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. தோட்டத்தைச் சுற்றியிருந்த எல்லை நாட்டின் எல்லையாகவே விரிந்துவிட்டது. குடியுரிமைப் பறிப்பு திடீரென வந்ததென்று சொல்வது வழக்கம். 1937ஐப் படித்தவருக்கு அது திடீரென்று தோன்றாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தோட்டம் வீடு கொடுத்தது, அரிசி கொடுத்தது, டிஸ்பென்சரி, பிள்ளை மடுவம், பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தது. கிராமத்து ஏழைக்கு அதுவும் இல்லை என்பார்கள். கொடுத்தது உண்மை. 1872இன் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஏட்டில் இருக்கின்றன. கிராமத்து ஏழை துன்பப்பட்டதும் உண்மை. ஆனால் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மருந்தும் பள்ளியும் கூரையும் தண்ணீரும் வேலை கொடுப்பவரின் கையிலேயே இருந்தால், அவற்றில் எதைக் கேட்டு முரண்பட்டாலும் மற்ற எல்லாவற்றையும் இழக்கலாம். அத்தோடு, 'தோட்டம் பார்த்துக்கொள்ளும்' என்ற ஒற்றை வாக்கியத்தின் பின்னால் அரசு தன் கடமையை மறைத்துக்கொண்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1977க்குப் பின். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் தன் அங்கத்தவரைக் காணத் தோட்டத்துக்குள் நுழைவதற்கே 1970இல் தனியாக ஒரு சட்டம், 25ஆம் இலக்கச் சட்டம், இயற்ற வேண்டியிருந்தது. அதன் தலைப்பே தோட்டங்களுக்குள் பிரவேசிப்பது பற்றியது. பிறகு 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவைத் தடையாகக் கொண்டு, பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் செலவிட மறுத்தார்கள். அதற்குள் குடியுரிமை படிப்படியாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. லயத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரையும் அனுப்பினார்கள். அந்த உறுப்பினரால் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு மதகு கட்டச் சபைப் பணத்தைத் தொட முடியவில்லை. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். 1937இல் போட்ட கோடு 81 ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

எல்லைகளை மேலிருப்பவர்கள் மட்டும் காக்கவில்லை, மக்களும் காத்தார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. இதை மறைக்க நான் விரும்பவில்லை. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் சாதியிலிருந்தும் ஆள்சேர்த்து வந்தார். சாதிவாரியாக லயம் பிரிக்கப்பட்டது. குடிக்கும் தண்ணீரிலும் கோயில் திருவிழாவில் யார் எதைச் சுமப்பது என்பதிலும் அந்தப் பிரிவு நீடித்தது. பெண் நாள் முழுதும் கொழுந்து பறித்த பேர்க்காசைக் கணவரோ தகப்பனோ ஆபிஸில் வாங்கிக்கொண்ட வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. துரைத்தனம் இவற்றை உண்டாக்கவில்லை. ஆனால் கங்காணி வழியாக ஆள நினைத்த நிர்வாகத்துக்கு இவை வசதியாக இருந்தன. ஆகவே இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தாங்கின. சாதியைத் தனியாக நம்மிடையே எதிர்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நில உரிமையும் வாக்கும் மறுக்கப்பட்டதற்குச் சாதி விளக்கமாகாது, ஏனெனில் அந்த மறுப்பு எந்தச் சாதிக் காம்பராவையும் விட்டுவைக்கவில்லை.

மக்கள் எல்லையைக் காத்த இன்னொரு விதம் உண்டு. 1970களில் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. காணி பங்கிடப்பட்டபோது அதில் உழைத்தவர்கள் பங்கு பெறவில்லை. பல இடங்களில் துரத்தப்பட்டார்கள். 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சி நடந்தது. தொழிலாளர் திரண்டு எதிர்த்தார்கள். மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். அந்த 7,000 ஏக்கரில் ஒரு பேர்ச்சஸுக்கும் அவரிடம் காணி உறுதி கிடையாது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தின் எல்லையைக் காக்க ஒரு தொழிலாளி உயிர் கொடுத்தார் என்றால், அந்த நிலத்தோடு அவர் சமூகத்துக்கு உள்ள உறவைச் சட்டம் இன்னும் எழுதவில்லை என்றுதான் பொருள்.

'இப்போது எல்லை எங்கே இருக்கிறது? லயத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள், ஆசிரியர்களாக இருக்கிறார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு ஒரு கடித உறையைக் காட்டலாம். பெயர், அதன் கீழே தோட்டத்தின் பெயர், மேற்கணக்கா கீழ்க்கணக்கா, பிறகு டவுன். வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். லயங்களுக்கான தபால் பெரும்பாலும் தோட்ட ஆபிஸுக்கு வந்து அங்கிருந்துதான் பிரிந்து போகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்தால் யாரைக் கேட்பது? உறுதி இல்லாததால் வங்கியில் ஈடு வைக்க ஒன்றுமில்லை. காம்பராவுக்குப் பக்கத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். வெளியே போகும் பாதை திறந்துவிட்டது. உள்ளே இருப்பவரின் தகுதி மாறவில்லை.

2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் தொடங்கியது. 2018இல் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அதிகாரசபையும் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய பிரதேச சபைகளும் வந்துவிட்டன. இவை சரியான திசையில் வைத்த அடிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீடு கட்டும் வேகத்தில் போனால் இன்னும் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, தேயிலை மலையோடு லயமும் கோயிலும் மயானமும் சேர்ந்தே போயின. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் அப்படியே எழுதப்பட்டது. வீடு கட்டிக் கொடுப்பதற்காகக் காத்திராமல், குடியிருப்புகள் உள்ள நிலத்தை மட்டும் அளந்து, குத்தகைப் படத்திலிருந்து நீக்கி, கிராமமாக அறிவித்து, வீட்டுக்கு இலக்கமும் குடும்பத்துக்கு உறுதியும் கொடுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. நில அளவைத் திணைக்களமும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் போதும். இதைக் கேட்க வேண்டியவர்கள் சங்கத் தலைவர்கள் மட்டுமல்லர். பிரதேச சபைக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் தன் உறுப்பினரிடம் கேட்க வேண்டும். குத்தகை 2045இல் முடிகிறது. அந்த ஆண்டு புதிய குத்தகைப் படம் வரையப்படும்போது, லயங்கள் அதில் இடம்பெறக் கூடாது.

(தொடரும்)